ஆளுக்கு 200 ரூபாய், 12 நாள்: அலுவலகத்தில் எல்லோருக்கும் என்ன கொடுக்கலாம்?

கேள்வி இதுதான். கும்பகோணத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளை. 38 பேர். ஆயுத பூஜைக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. ஆளுக்கு 200 ரூபாய்க்கு மேல் தலைமை அலுவலகம் தராது. போன வருஷம் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பலர் வீட்டில் மாட்டவே இல்லை. இந்தத் தடவை மனதில் நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை கொடுக்கலாமா? அதோடு மாதக் கடைசியில் மூத்த காசாளர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு எல்லோரும் சேர்ந்து 3,000 ரூபாய் வரை போடுவார்கள். அவருக்கு என்ன செய்யலாம்?

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 19 வருஷம் நிர்வாக வேலை பார்த்தவன். பொங்கல், ஆயுத பூஜை, பணி ஓய்வு என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை பரிசு வாங்குகிற பொறுப்பு என்னிடம் வரும். ஒரு தடவைகூடப் பணம் தாராளமாக இருந்ததில்லை. நேரம் அதைவிடக் குறைவாக இருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கும்பகோணத்தில் இருந்துகொண்டு, கையில் 200 ரூபாயும் 12 நாளும் இருந்தால் நான் வாங்குவது எவர்சில்வர் டபரா செட். டம்ளரிலும் டபராவிலும் பெயர் வெட்டியிருக்க வேண்டும். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வாங்கிக்கொள்கிறவருடைய பெயர்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நமக்குப் புதிதில்லை. விசேஷ வீட்டில் பத்து வீட்டு அண்டாவும் குண்டானும் ஒன்றாகக் கிடக்கும். பந்தி முடிந்து கழுவி அடுக்கும்போது எது யாருடையது என்று பார்க்கப் பெயர்தான் ஒரே வழி. சீர் வைத்த குடத்தில் கொடுத்தவர் பெயரும் கல்யாணத் தேதியும் இருக்கும். என் அம்மாவின் சமையலறையில் அவருடைய அத்தை பெயர் வெட்டிய ஒரு சொம்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த அத்தையை நான் பார்த்ததே இல்லை, ஆனால் பெயர் தெரியும். பெயர் வெட்டிய பாத்திரத்தை யாரும் லேசில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள், எடைக்குப் போடவும் மனசு வராது. உங்கள் கடிகாரத்தை ஏன் மாட்டவில்லை என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்திருக்கும், வாங்கினவருடைய பெயர் எங்கேயும் இருந்திருக்காது.

கும்பகோணம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் தேர்ந்தெடுப்பது சுலபம். இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தகடு மெல்லிசாக இருக்கிற டம்ளர் விலை குறைவாக இருக்கும், பளபளப்பும் குறையாது. சூடான காபி ஊற்றினால் விரல் வைக்க முடியாது. நல்ல டம்ளருக்கு வாய்ப்பகுதியில் விளிம்பு நன்றாக வெளியே மடிந்திருக்கும். காபி எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி ஆற்றலாம். கடையில் இரண்டு டம்ளரை இரண்டு கையில் வைத்துப் பார்த்தாலே எது கனம் என்று தெரிந்துவிடும். பத்து இருபது ரூபாய் கூடுதலானாலும் கனமானதை வாங்குங்கள், மிச்சத்தை வேறு எதிலாவது பிடித்துக்கொள்ளலாம். பித்தளை டபரா அழகுதான், ஆனால் உங்கள் தொகைக்குக் கட்டாது. புளி போட்டுத் தேய்த்து வைக்கிற வேலையும் எல்லோர் வீட்டிலும் நடக்காது.

சரி, இனிப் பெயர் வெட்டுவது. முன்பெல்லாம் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டி எழுதுவார்கள். இப்போது பேனா மாதிரி கையில் பிடிக்கிற மின்சார மிஷின். முனை அதிர்ந்துகொண்டே புள்ளி புள்ளியாகக் குத்தும், புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகும். நான் வழக்கமாகப் போகிறவர் டம்ளரை இடது தொடையில் ஒரு துணி போட்டு அதன்மேல் சாய்த்துக்கொள்வார். பென்சிலில் எழுதிப் பார்ப்பதெல்லாம் இல்லை, நேரடியாக ஆரம்பித்துவிடுவார். ‘கு’வின் சுழியையும் ‘ஜ’வின் வளைவையும் கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாகப் போடுவார். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற இடத்தில் மட்டும் அரை விநாடி நின்று, முனையை அழுத்தி ஒரே ஒரு குத்து. ஒரு பெயருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் நாம் கொடுத்த சீட்டைப் பார்த்து வரைகிறார், பெயரைப் படிப்பதில்லை. சீட்டில் ‘ர்’ மேலே புள்ளி சரியாகத் தெரியவில்லை என்றால் டம்ளரிலும் புள்ளி விழாது. ‘குமார்’ ‘குமார’ ஆகிவிடும். வெட்டின எழுத்தை அழிக்க முடியாது.

ஆகவே இந்த வேலையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் கடையில்லை, பெயர்ப் பட்டியல். இதை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். கணினியில் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு பெயராகத் தட்டச்சு செய்யுங்கள். சம்பளப் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் எழுதும்போது தப்பு வரும். ‘முகமது’ என்று எழுதுகிறவரும் உண்டு, ‘முஹம்மது’ என்று எழுதுகிறவரும் உண்டு. ‘செந்தில்குமார்’ சிலருக்கு ஒரே சொல், சிலருக்கு இரண்டு. இரண்டு ராஜேஸ்வரி இருந்தால் தலைப்பெழுத்து அவசியம், அதுவும் தமிழிலா ஆங்கிலத்திலா என்பது அவரவர் விருப்பம். நான் செய்வது இதுதான்: அலுவலக முகவரிப் பட்டியலைத் தமிழில் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவேன். ‘உங்கள் பெயரை நீங்கள் எழுதுகிற மாதிரியே எழுதுங்கள்’ என்று மேலே ஒரு வரி இருக்கும். ஒரு நாளில் வந்துவிடும், விஷயமும் வெளியே தெரியாது. இரண்டு பேர் அவர்களுடைய அப்பா பெயரையும் சேர்த்து முழுசாக எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே முழுசாக வெட்டினோம்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 38 என்கிறீர்கள். அது சம்பளப் பட்டியலில் இருக்கிற 38 பேரா, அந்தக் கட்டடத்தில் தினமும் வேலை செய்கிற எல்லோருமா? நாங்கள் ஒரு பொங்கலுக்குப் பரிசு வாங்கினபோது நான் பட்டியலைப் பார்த்துத்தான் எண்ணினேன். ஒப்பந்தக்காரர் மூலமாகக் கூட்டிப் பெருக்க வருகிற அம்மாக்கள் பதினோரு பேர் அந்தப் பட்டியலில் கிடையாது. அதில் ஒருவர்தான் கடையிலிருந்து வந்த பெட்டிகளை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். சாயங்காலம் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனபோது அந்த அம்மா துடைப்பத்தோடு வாசலில் ஒதுங்கி நின்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு நான் எண்ணிக்கையை டீ கொண்டுவருகிற அண்ணனிடம்தான் கேட்பேன். பதினோரு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை டம்ளர் டீ போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் துல்லியமாகத் தெரியும். காவலாளி, ஓட்டுநர், வாரத்துக்கு மூன்று நாள் வருகிற கணினிப் பையன், எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். மேலாளருக்குக் கொடுக்கிற அதே செட்தான் அவர்களுக்கும். தரத்தில் ஏற்ற இறக்கம் வைத்தால், வாங்கிக்கொள்கிற நிமிஷத்திலேயே அது தெரிந்துவிடும்.

இனிக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும், நான் கடைசியாக வாங்கின விலையை வைத்துச் சொல்கிறேன். டபரா செட் 140, பெயர் வெட்ட 10, துணிப் பை 25, சீவல் பொட்டலம் 10, அட்டை 5. ஆக ஒருவருக்கு 190 ரூபாய். 38 பேருக்கு 7,220. உங்கள் மொத்தத் தொகை 7,600 என்றால் 380 மிச்சம். அதில் பெயர் வெட்டாத டபரா செட் இரண்டு கூடுதலாக வாங்குங்கள், 280 ஆகும். மீதி 100 ஆட்டோவுக்கு. டீ அண்ணன் கணக்கில் ஆள் 41 ஆனால் சீவலை விட்டுவிடுங்கள். ஒருவருக்கு 180 வீதம் 7,380, ஒரு செட் கூடுதலாக வாங்கவும் 220 மிச்சம் இருக்கும். ஆளைக் குறைக்க வேண்டாம், பொருளைக் குறைக்கலாம்.

சீவலை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். நம் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் வெற்றிலை பாக்கோடு கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கும்பகோணம் சீவலும் ஊரறிந்தது. வெற்றிலையை மட்டும் முதல் நாளே வாங்கி வைத்துவிடாதீர்கள், வாடிவிடும். கொடுக்கிற அன்று காலையில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, கடைசி நேரத்தில் ஆளுக்கு இரண்டு வெற்றிலை பையில் வையுங்கள். போடாதவர்கள் பூஜையில் வைத்துக்கொள்வார்கள். விருப்பமில்லாதவர்கள் வீட்டிலும் வெற்றிலை போடுகிற பெரியவர் ஒருவர் இருப்பார்.

பைக்கு மஞ்சப்பையே போதும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்த பிறகு அலுவலகத்தில் மஞ்சப்பை கொடுப்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் அச்சடித்த பை வேண்டுமென்றால் உங்களிடம் நாள் இல்லை. ஸ்கிரீன் போடுவது, அச்சடிப்பது, காயவைப்பது என்று இழுக்கும். முகூர்த்த மாதமாக இருந்தால் தாம்பூலப் பை ஆர்டர்களுக்கு நடுவில் உங்கள் நாற்பது பையை யாரும் தொட மாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் கடையில் ஒரு ஸ்டாம்ப் செய்யச் சொல்லுங்கள், அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரு குத்துவிளக்கோ நெற்கதிரோ ஒரு சின்னப் படமும் அதன்கீழே வருஷமும் இருந்தால் போதும். துணிக்கென்று மை தனியாகக் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்டாம்ப் மை முதல் துவைப்பிலேயே போய்விடும். பைக்குள் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் குத்துங்கள், இல்லையென்றால் மை பின்பக்கம் இறங்கும்.

அட்டை 5 ரூபாய் என்றேன். இதைத்தான் பலர் ஒரு சம்பிரதாயமாக ‘நல்வாழ்த்துகள்’ என்று அச்சடித்து முடித்துவிடுகிறார்கள். டபரா செட்டுக்கு அடுத்து இந்தப் பரிசில் மதிப்புள்ளது இதுதான் என்று நான் நினைக்கிறேன். அழைப்பிதழ் கடைகளில் போன வருஷம் விற்காத கெட்டி அட்டைகள் கிடக்கும், அச்சில்லாமல் கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். அதில் கையால், தமிழில், மூன்று வரி. அந்த மூன்று வரியில் அவர் இந்த வருஷம் செய்த ஒரு காரியம் இருக்க வேண்டும். ‘உங்கள் உழைப்புக்கு நன்றி’ என்பது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ‘போன ஐப்பசி மழையில் ரெக்கார்டு ரூமுக்குள் தண்ணீர் வந்தபோது, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முதலில் உள்ளே இறங்கியது நீங்கள்தான்’ என்பது ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரே ஆள் 38 அட்டை எழுத முடியாது, எழுதினாலும் இருபதாவது அட்டையில் வற்றிவிடும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒருவருக்கு எழுதச் சொல்லுங்கள். நாலு நாள் கெடு கொடுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் வாங்கி ஒரு தடவை படித்துப் பாருங்கள். சரியாக எழுதாமல் ஒரு வரியில் முடித்திருக்கிற அட்டை இரண்டு மூன்று வரும், அதை நீங்களே எழுதிவிடுங்கள். எழுத வராத அம்மா ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். அவருக்கு வந்த சீட்டில் அக்கவுண்டன்ட் பெயர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘சார் மேசையில மட்டும் டீ கறை இருக்காது, துடைக்குற வேலையை எனக்கு வைக்கவே மாட்டாரு’ என்றார். அந்த அட்டை அக்கவுண்டன்ட்டின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ரொம்ப நாள் இருந்தது.

தலையாட்டி பொம்மை கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதில் ஆசை உண்டு, கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் ஆயுத பூஜைக்கு 12 நாள் இருக்கும்போது வேண்டாம் என்பேன். அது நவராத்திரிச் சமயம். கொலுவுக்காகப் பொம்மை செய்கிறவர்களுக்கு வருஷத்தின் முக்கியமான வியாபாரமே அப்போதுதான். அந்த நேரத்தில் நாற்பது பொம்மை ஒரே அளவில் கேட்டால் விலையும் ஏறும், அவசரத்தில் காயாத பொம்மையும் வரும். காகிதக் கூழும் பூச்சும் வெயிலில் காய வேண்டிய பொருள். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் வெயிலை நம்ப முடியாது. நன்றாகக் காயாமல் வண்ணம் அடித்த பொம்மை இரண்டு மாதத்தில் வெடிப்பு விடும். வாங்கினவர் பொம்மை செய்தவரைத்தான் குறை சொல்வார், அவசரப்படுத்தினது நாம் என்று அவருக்குத் தெரியாது. பொங்கலுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். அடிப்பாகம் உருண்டையாக, எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காருகிற ராஜா ராணி பொம்மை மேசையில் வைக்க நல்லது. பாகம் பாகமாகக் கழற்றி மாட்டுகிற நடனப் பொம்மையைக் கூட்டமாகக் கொடுக்காதீர்கள், பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகிறவர் வீட்டில் தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கமாக இறங்கும்.

கைவினைஞர்களிடம் வாங்கும்போது இன்னொன்று. அலுவலகங்களின் வழக்கப்படி ‘பில் பாஸ் ஆகட்டும், செக் அனுப்புகிறோம்’ என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு மூலப்பொருளைக் கடனில் யாரும் தருவதில்லை. பாதி முன்பணம், பொருள் கைக்கு வந்ததும் மீதி. கணக்குப் பிரிவில் இதை முதலிலேயே பேசி அனுமதி வாங்கிவிட்டுத்தான் நான் ஆர்டரே கொடுப்பேன். இப்படி நடந்துகொண்டதால், பிற்பாடு ஒரு தடவை மூன்று நாளில் ஒரு பொருள் வேண்டும் என்று போய் நின்றபோது, வேறு ஒருவருக்குச் செய்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார் ஒருவர்.

அடுத்து உங்கள் காசாளர். 3,000 ரூபாய்க்கு நம் பக்கத்தில் நல்ல பொருட்கள் பல இருக்கின்றன. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, உச்சியில் அன்னம் வைத்தது. பித்தளை எடைக்குத்தான் விலை, அன்றைய விலையைக் கேட்டுவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். தஞ்சாவூர்க் கலைத்தட்டு சின்ன அளவில் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் நெட்டியில் செய்த பெரிய கோயில் பார்க்கத் தந்தம் மாதிரி இருக்கும். நீர்நிலைகளில் வளர்கிற ஒரு செடியின் தண்டைச் சீவிச் செய்வது அது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரொம்ப லேசான, எளிதில் நொறுங்குகிற பொருள். அவர் ஓய்வுக்குப் பிறகு வீடு மாறப்போகிறார் என்றால் வேண்டாம். இதெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் அவர் வீட்டில் எது பொருந்தும் என்று பாருங்கள். நாகூரும் வேளாங்கண்ணியும் இருக்கிற பக்கம் இது. ஒரு கிளையில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். கலைத்தட்டில் சாமி உருவத்துக்குப் பதில் மயிலோ பூவேலையோ கேட்டால் கிடைக்கும்.

ஆனால் அவர் காசாளர் என்பதால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. பைண்டிங் கடையில் கெட்டி அட்டை போட்டு, சிவப்புத் துணி ஒட்டின நீளமான பேரேடு ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் சொல்லிச் செய்யுங்கள். வருஷக்கணக்காக அவர் புரட்டினது அந்த மாதிரிப் புத்தகத்தைத்தான். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளட்டும். வரவுப் பக்கத்தில், அவரிடமிருந்து தங்களுக்குக் கிடைத்தது என்ன என்று தேதியோடு எழுதட்டும். ‘2016 நவம்பர், பழைய நோட்டு செல்லாது என்றதும் வந்த கூட்டத்தில் நான் அழுதபோது, என் கவுன்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது’ என்று ஒருவர் எழுதலாம். ‘என் முதல் சம்பளத்தன்று வாங்கிக் கொடுத்த காபி’ என்று இன்னொருவர். பற்றுப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். இதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். மீதிப் பணத்தில் அவருக்கு மட்டும் ஒரு பித்தளை டபரா செட், பெயரும் வேலை பார்த்த வருஷங்களும் வெட்டி. பொன்னாடை, கண்ணாடி ஷீல்டு இரண்டையும் விட்டுவிடுங்கள். எங்கள் பழைய மேலாளர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது ஷீல்டுகள் பதினைந்து இருபது அலமாரிக்கு மேலே அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. சால்வை போர்த்தியே ஆக வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸில் ஒரு நல்ல கைத்தறித் துண்டு வாங்குங்கள், தினமும் தோளில் போட்டுக்கொள்வார்.

பெயர் வெட்டுவதில் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலக வாசலில் 31 வருஷம் காவல் பார்த்த ஒரு பெரியவர் ஓய்வு பெற்றார். அவர் ஒப்பந்த ஆள் என்பதால் ஓய்வுத் தேதி யார் நினைவிலும் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது. ஆளுக்கு 50 ரூபாய் போட்டு நாலு அடுக்கு டிபன் கேரியர் வாங்கினோம். அவர் கொண்டுவருகிற தூக்குவாளிக்குக் காது உடைந்து, கம்பி கட்டியிருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு அடுக்கிலும் அவர் பெயர் வெட்டினோம். மேல் மூடியில் பெயரோடு ‘மெயின் கேட், 1988 – 2019’ என்று போட்டோம். கையில் கொடுத்ததும் அவர் அதைப் பிரித்து, நாலு அடுக்கையும் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, ‘ஊர்ல எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் பேர் பார்த்து எடுத்துக் குடுத்திருக்கேன் சார். நம்ம பேர் போட்டது இதுதான் முதல்ல’ என்றார். மறுபடி அடுக்கிப் பூட்டும்போது, ‘இனிமே விசேஷ வீட்ல மாறிப்போகாது’ என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். முதல் மூன்று நாள் பெயர்த் தாளும் ஆள் எண்ணிக்கையும். நாலாவது நாள் பாத்திரக் கடை. பட்டியலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று வெட்டுகிறவருக்கு, இன்னொன்று சரிபார்க்க. இடத்திலேயே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் நாற்பது செட் என்றால் டம்ளரும் டபராவும் சேர்த்து எண்பது தடவை. ஒரே நாளில் முடிக்கச் சொல்லி நிற்காதீர்கள், கடைசியில் வருகிற பெயர்களில் கை தளர்ந்துவிடும். இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுங்கள். பெயர் நீளமாக இருந்தால் டம்ளரில் தலைப்பெழுத்தோடு சுருக்கமாகவும் டபராவில் முழுசாகவும் வெட்டச் சொல்லலாம். பை, ஸ்டாம்ப், அட்டை எல்லாம் இந்த நாட்களுக்குள் பக்கவாட்டில் நடந்துவிடும். பேரேடு கொடுக்க மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. இருந்தாலும் அதையும் இந்த வாரமே சுற்றுக்கு விடுங்கள், ஓய்வு நெருங்கினால் அவர் முன்னாலேயே மறைத்து மறைத்து எழுத வேண்டிவரும்.

பெயர் வெட்டும் வேலையை மட்டும் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே முடித்து வாங்கிவிடுங்கள். முதல் நாள் சாயங்காலமே அந்த மிஷினைத் துடைத்துவிடுவார்கள். அடுத்த நாள் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையில் வைத்துவிட்டால், விஜயதசமியன்று எடுக்கிற வரைக்கும் நீங்கள் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் அதில் கை வைக்க மாட்டார்கள்.